அறம் பாடும் எதிரிகள்

2012-ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில்தான் என் அக்கா மகன் முதன்முதலாக ஒரு வீடியோ கேமுக்காகக் கண் கலங்கினான். அப்போது தடைக்காலம் 45 நாள். அது 61 நாளாக நீண்டது 2017-இல்தான். விசைப்படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. மண்டபத்தில் நான் கணக்கு எழுதும் மீன் கம்பெனியில் வரவும் இல்லை, செலவும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு அவனும் எங்கள் பாம்பன் வீட்டுக்கு வந்திருந்தான். மச்சான் குவைத்திலிருந்து வாங்கி வந்த பி.எஸ்.பி. என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று அவனிடம் இருந்தது. அதில் 'பெர்சோனா 3 போர்ட்டபிள்' என்ற ஜப்பானிய விளையாட்டை நாள் முழுக்க ஆடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் நான் கண்ணயர்ந்த வேளையில், கருவி பாயில் விழும் சத்தம் கேட்டது.

"மாமா, நான் ஒரு தப்பும் பண்ணல மாமா!" என்றான்.

நடந்தது இதுதான். அந்த விளையாட்டில் டார்டரஸ் என்று ஒரு கோபுரம் உண்டு. மாடி மாடியாக ஏறி, வழியில் வரும் நிழலுருவங்களோடு சண்டையிட வேண்டும். ஆட்டத்தைப் பதிந்துகொள்ள வேண்டுமானால் அடிவாசலுக்குத் திரும்பி வர வேண்டும். அவன் பதிந்து ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. நால்வர் அடங்கிய அவன் குழுவில் எல்லோருக்கும் உடல்பலம் நிறைய இருந்தது. ஒரு திருப்பத்தில் எதிரி பின்னால் வந்து தொட்டுவிட்டதால் முதலில் தாக்கும் முறை எதிரியின் பக்கம் போயிற்று. அது 'முடோ' என்ற மந்திரத்தை நாயகன் மேல் விட்டது, நாயகன் விழுந்தான், ஆட்டம் முடிந்தது. மற்ற மூவரும் உயிரோடு நின்றார்கள். செத்தவரை எழுப்பும் மருந்து பையில் இருந்தது. ஆனால் அந்த விளையாட்டின் விதிப்படி, நாயகன் விழுந்தால் மற்றவர்கள் நின்றும் பயனில்லை. "மூணு பேரு சும்மாதானே நிக்கிறாங்க, தண்ணி தெளிச்சு எழுப்பினா என்ன?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தொடரை ஆடிய ஊர் உலகமெல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது.

முடோவுக்கு ஒரு சோடி உண்டு. அதன் பெயர் 'ஹாமா'. முடோ இருளின் சாவு, ஹாமா ஒளியின் சாவு. இரண்டுமே உடல்பலத்தைக் குறைப்பதில்லை. பட்டால் எவ்வளவு பலம் மிச்சம் இருந்தாலும் சாவுதான். படாவிட்டால் ஒரு கீறலும் இல்லை. ஹாமா என்ற சொல்லுக்குத் தீயதை ஓட்டுதல் என்று பொருள். ஜப்பானியக் கோயில்களில் புத்தாண்டுக்கு வாங்கும் 'ஹாமாயா' அம்பும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். விளையாட்டில் அந்த மந்திரம் விழும்போது மந்திரித்த காகிதச் சீட்டுகள் ஆளைச் சூழ்ந்துகொள்ளும். ஏர்வாடியில் தாயத்துக் கட்டிக்கொண்டு வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை அவனைச் சமாதானப்படுத்துவதற்காக, கம்பெனிக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சண்டையில் நாயகன் இந்த மந்திரத்தால் சாகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் அப்படி ஐம்பது சண்டைகளைத் தொடர்ந்து கடக்க வேண்டுமென்றால், ஒருமுறைகூடச் சாகாமல் மேலே போய்ச் சேரும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தாறாக இறங்கிவிடும். எதிரிக்கோ இந்தக் கவலையே கிடையாது. ஒவ்வோர் எதிரியும் ஒரே ஒரு சண்டைக்காகப் பிறந்தது. அதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. சூதாட்டத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனோடு, எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தவனின் கதிதான் ஆடுபவனுக்கு. ஒரே மந்திரம், ஒரே விழுக்காடு. ஆனாலும் அது எதிரியின் கையில் இருக்கும்போது ஒன்றாகவும் நம் கையில் இருக்கும்போது வேறொன்றாகவும் ஆகிவிடுவது இதனால்தான். அவன் கணக்கைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இது அநியாயம்னு நீங்களே ஒத்துக்கிறீங்க" என்றான். சமாதானம் செய்யப் போனவன் சாட்சியாகிவிட்டேன்.

சொல்லால் ஒருவனைச் சாகடிப்பது தமிழுக்குப் புதிது அன்று. அதற்கு 'அறம் பாடுதல்' என்று பெயரே வைத்திருக்கிறோம். பாட்டில் நச்செழுத்தையும் நச்சுச் சொல்லையும் உரிய இடத்தில் வைத்துப் பாடினால் பாட்டுடைத் தலைவன் மாள்வான் என்ற நம்பிக்கை அது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன், தன்மேல் பாடப்பட்ட நந்திக் கலம்பகத்தைக் கேட்டே மாண்டான் என்ற செவிவழிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சாவு அன்று, அதற்கு முன்னால் நடப்பவை. கேட்டால் சாவோம் என்று மன்னனுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பந்தலாக எரிந்துகொண்டே வருகிறது. தமிழின் மேல் கொண்ட ஆசையால் அவனே அடுத்த பந்தலுக்கு நகர்கிறான். கடைசிப் பாட்டைச் சிதையின்மேல் அமர்ந்து கேட்கிறான். அறம் அவனைக் கொன்றது என்பதைவிட, அறத்துக்கு அவன் இசைந்தான் என்பதே பொருத்தம். எரியும் பந்தல்கள் அவனுக்கு எச்சரிக்கையாக இருந்தன. என் மருமகனுக்கு ஒரு பந்தலும் எரியவில்லை. விளையாட்டுகளில் வரும் சாவு மந்திரத்தின் நன்மை தீமையை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் எனக்குக் கிடைக்கவில்லை. எச்சரிக்கையோ நிபந்தனையோ தாங்கி வரும் அறம் நல்ல விளையாட்டு. வெறும் பகடை உருட்டலாக வருவது சோம்பேறித்தனம்.

இந்தச் சோம்பேறித்தனத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில், பகடை உருட்டித் தப்பு, இல்லாவிட்டால் செத்துப்போ என்ற வகை மந்திரங்கள் தொடக்கக் காலத்திலேயே இருந்தன. 1981-இல் கணினிக்கு வந்த 'விஸார்ட்ரி'யில் செத்தவனை எழுப்பும் முயற்சி தவறினால் அவன் சாம்பலாவான்; சாம்பலை எழுப்பும் முயற்சியும் தவறினால் ஆளே ஏட்டிலிருந்து அழிந்துபோவான். அந்த வழியில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' தொடரின் இரண்டாம் பாகம் 1987 சனவரியில் வெளியானது. 'ஸாராகி' என்ற சாவு மந்திரம் அதில்தான் அறிமுகமாயிற்று. அது ஒருவருக்கு அன்று, கும்பலுக்கு. அந்த விளையாட்டின் இறுதியில் ரொண்டால்கியா என்று ஒரு பனி மேட்டுநிலம் வரும். அங்கே 'பிலிஸார்ட்' என்ற எதிரிகள் கூட்டமாக வந்து ஸாராகியைப் பாடும். மூவர் கொண்ட குழு ஒரே மூச்சில் சாயும். அந்த ஆட்டத்தைப் பதிந்துகொள்ள வசதி கிடையாது. 52 எழுத்து வரை நீளும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைத்து, மறுபடி ஒவ்வோர் எழுத்தாக இட வேண்டும். ஜப்பானில் அந்தத் தலைமுறையினருக்கு ரொண்டால்கியா என்ற பெயரைச் சொன்னாலே முகம் மாறுமாம். எங்கள் ஊரில் சில வயதானவர்களுக்கு டிசம்பர் மாதக் கொண்டல் காற்று போல.

எதிரியின் கையில் இவ்வளவு கொடியதாக இருப்பது நம் கைக்கு வந்தால் என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இந்த மந்திரம் யார்மேல் வேண்டுமோ அவர்கள்மேல் செல்லாது. யார்மேல் செல்லுமோ அவர்களைக் கொல்ல மந்திரமே தேவையில்லை. 'பாஸ்' எனப்படும் முதலாளி எதிரிகள், அதாவது கதையின் முக்கியக் கட்டங்களில் வரும் பெரிய எதிரிகள், எல்லோருக்கும் காப்புக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஒரே மந்திரத்தில் கடைசி எதிரி செத்துவிட்டால் நாற்பது மணி நேரக் கதை நகைப்புக்கு இடமாகிவிடும் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த முரணின் உச்சம் 1990-இல் வந்த டிராகன் குவெஸ்ட் நான்காம் பாகம். அதில் கிளிஃப்ட் என்று ஓர் இளம் பாதிரியார் வருவார். இளவரசி அலீனாவின் மேல் சொல்லாத காதல் கொண்டவர். காயம் ஆற்றத் தெரிந்தவர். கூடவே ஸாராகியும் தெரிந்தவர். கடைசி அத்தியாயத்தில் தோழர்களை நாம் நேராக ஆட்டிவைக்க முடியாது. பொதுவான உத்தியைச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும், கணினியே முடிவெடுக்கும். எது செல்லும், எது செல்லாது என்பதை ஓர் எதிரியோடு மோதி மோதித்தான் அது கற்றுக்கொள்ளும். வழியில் திரும்பத் திரும்ப வரும் எதிரிகளிடம் இந்தப் படிப்பு பலிக்கும். முதலாளி எதிரியோ ஒருமுறைதான் வருவான். அவனிடம் படிக்கக் காலம் ஏது? ஆகவே, உலகத்தின் தலையெழுத்தைத் தீர்க்கும் கடைசிச் சண்டையில், எல்லோரும் குற்றுயிராகக் கிடக்கும்போது, நம் பாதிரியார் யாருக்கும் காயம் ஆற்றாமல் எதிரியின் முன் நின்று ஸாராகி பாடுவார். செல்லாது. அடுத்த முறையும் பாடுவார். ஜப்பானில் கிளிஃப்ட் என்றாலே ஸாராகி என்று கேலிப் பேச்சு நிலைத்துவிட்டது. பின்னர் வந்த மறுபதிப்புகளில் அவரை நாமே இயக்கும் வசதியைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. கிளிஃப்டின் மூடத்தனத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் கண்ணுக்கு முன்னால் நிற்பது ஓர் எதிரி. கையில் இருப்பது சாவு மந்திரம். நேற்று வரை அது வேலை செய்தது. கடைசி எதிரிக்கு மட்டும் தனிச் சட்டம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதை அறிந்தவர்கள் ஆடுபவர்களாகிய நாம் மட்டுமே.

தனிச் சட்டத்தையே ஏமாற்றிய ஒரு விளையாட்டும் உண்டு. 1994-இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி' ஆறாம் பாகம். நான் கல்லூரியில் படித்தபோது ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், பழைய விளையாட்டுக் கருவியைப் போலக் கணினியை நடிக்கவைக்கும் எமுலேட்டர் வைத்து ஆடியது; ஆட்டத்தைச் சட்டைப்பையில் ஃபிளாப்பியில் கொண்டுபோவேன். அதில் 'வேனிஷ்' என்ற மந்திரம் ஒருவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும். மறைந்தவரை ஆயுதம் தொடாது. ஆனால் எந்த மாயமும் தவறாமல் படும். நிரல் எழுதியவர்கள், தவறாமல் படும் என்ற விதியைக் காப்பு உண்டா என்ற சோதனைக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். விளைவு: எதிரியின் மேல் வேனிஷைப் போட்டு, அடுத்ததாக 'டூம்' என்ற சாவு மந்திரத்தைப் போட்டால், காப்புக் கட்டிய முதலாளிகளிலும் பலர் சாய்வார்கள். பின்னாளில் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கான பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். பக்கத்து நாற்காலி நண்பன் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். தெரிந்த வாரத்தில் ஐந்தாறு முதலாளிகளைக் கொன்றேன். அதற்குப் பின் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. சாவு மந்திரம் ஏன் செல்லாமல் இருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது, அது செல்லத் தொடங்கிய பிறகுதான்.

அதே விளையாட்டில் இன்னும் எளிய ஒரு கொலை உண்டு. அதை மட்டும் நான் செய்யவில்லை. காட்டுக்கு நடுவே ஒரு பேய் ரயில் நிற்கும். இறந்தவர்களை மறுவுலகுக்கு ஏற்றிச் செல்லும் ரயில். நாயகர்கள் அதில் ஏறிவிட்டு இறங்க முடியாமல் தவிப்பார்கள். முடிவில் அவர்கள் தண்டவாளத்தின் மேல் ஓட, எஞ்சின் பின்னால் துரத்த, ஓடிக்கொண்டே அதோடு சண்டையிட வேண்டும். ரயில் உயிரற்றது என்பதால், செத்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் இறகை அதன்மேல் எறிந்தால் போதும், அங்கேயே முடிந்துவிடும். உயிர் கொடுக்கும் மருந்து உயிரற்றதற்குச் சாவு என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கு அந்தத் தொடரின் அழகான எண்ணங்களில் ஒன்று. பையில் ஏழெட்டு இறகுகள் வைத்திருந்தேன். கை போகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைக் கடல் ஆளோடு கொண்டுபோனது. என் அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது, வண்டி என்று சொல்லமாட்டார், 'அதுக' என்பார், பிள்ளைகளைச் சொல்வது போல. எங்கள் வீட்டுக்குப் பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும் ஓசை கேட்கும். அந்தச் சண்டையை நான் நெடுநேரம் அடித்தே முடித்தேன். முடிந்ததும் ரயில் ஒரு நிலையத்தில் நிற்கும். சயன் என்ற வீரனின் இறந்துபோன மனைவியும் மகனும் அதில் ஏறுவார்கள். அவன் நடைமேடையின் முடிவு வரை கூடவே ஓடுவான். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய். அன்று மிச்சம் இருந்த நேரத்தை வெறுமனே உட்கார்ந்து கழித்தேன்.

நிபந்தனையோடு வரும் அறத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, அதே தொடரின் ஐந்தாம் பாகத்தில் 1992-இல் வந்த 'லெவல் 5 டெத்'. எதிரியின் நிலை எண் ஐந்தால் மீதியின்றி வகுபட்டால் சாவு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டி வாய்ப்பாடு சொல்வது போல இருக்கும். பகடை இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. எதிரியின் எண் தெரிந்தால் முடிவும் தெரியும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் 'பவர் வேர்ட் கில்' என்ற மந்திரம், உடல்பலம் 100-க்கு மேற்படாதவரைத் தப்பும் வாய்ப்பே தராமல் கொல்லும். அதற்கு மேல் ஒன்று கூடியிருந்தாலும் கொல்லாது. போக்கிமானில் 'ஃபிஷர்' போன்ற ஒரே அடித் தாக்குதல்கள் இரண்டாம் தலைமுறையிலிருந்து தன்னைவிட உயர்ந்த நிலையில் உள்ளவர்மேல் செல்லா. 'பெரிஷ் சாங்' என்ற பாட்டைக் கேட்டவர்கள் மூன்று முறைக்குள் களத்தைவிட்டு விலகாவிட்டால் விழுவார்கள், பாடியவரும் சேர்த்து. கேட்டவன் சாவான், ஆனால் எழுந்து போக நேரம் உண்டு: இது நந்திவர்மன் கணக்குக்கு மிகவும் நெருங்கி வருகிறது. ஃபைனல் ஃபேண்டஸி பத்தாம் பாகத்தில் யோஜிம்போ என்ற வாள்வீரன் கூலி வாங்கிக்கொண்டு வெட்டுவான். அபூர்வமாக அவன் 'ஸான்மாட்டோ'வை உருவினால் எப்பேர்ப்பட்ட எதிரியும் இரண்டு துண்டு. காசைக் கொடுத்துவிட்டு அவன் மனநிலைக்குக் காத்திருப்பது, வேலைக்கு வர மனமில்லாத ஆளிடம் முன்பணம் கொடுத்த படகுக்காரரின் நிலைதான்.

பாரதத்தில் கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தியாயுதமும் இந்த வகைதான்: கட்டாயம் கொல்லும், ஆனால் ஒரே ஒருமுறை. அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, இரவுப் போரில் கடோற்கசன் தாங்கமுடியாமல் படுத்தியபோது அவன்மேல் விட வேண்டியதாயிற்று. கடைசி முதலாளிக்கென்று அரிய மருந்துகளைச் சேர்த்துவைத்து, பாதி வழியில் ஒரு ராட்சசனிடம் செலவழித்த அனுபவம் இந்த விளையாட்டுகளை ஆடிய எல்லோருக்கும் இருக்கும்.

மருமகன் கதைக்கு வருகிறேன். கருவியை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் எனக்குத் தெரியாமல் எடுத்தவன், கடைசியில் என்னிடமே வந்து காட்டினான். 'ஹோமன்குலஸ்' என்று ஒரு பொருள். பையில் இருந்தால், சாவு மந்திரம் விழும்போது ஆளுக்குப் பதிலாக அது அழிந்துபோகும். "தாயத்து மாமா," என்றான். அதன்பின் அவன் ஆடிய முறையே மாறிவிட்டது. எந்த மாடியில் எந்த நிழலுருவம் இருளைப் பாடும், எது ஒளியைப் பாடும் என்று என் கணக்குக் குறிப்பேட்டில் பட்டியல் எழுதினான். ஏறுவதற்கு முன் இருளைத் தடுக்கும் பெர்சோனாவை, அதாவது நாயகன் சண்டையில் அழைக்கும் துணையுருவை, மாட்டிக்கொண்டான். நடக்கும்போது மூலைகளைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினான். பந்தல் எரியாத இடத்தில் அவனே பந்தல் கட்டிக் கொளுத்திப் பார்த்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என்று சிலர் வாதிடுவார்கள். ஒரு மணி இருபது நிமிடத்தைப் பறித்துக்கொண்டுதான் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பது என் பக்கத்து வாதம். அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குவதற்கு முந்தின இரவு, அவன் கோபுரத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். கரையில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தம் வீடு வரை வந்தது. அந்த விளையாட்டின் கடைசி எதிரி யார் என்பது கதையைக் கெடுக்கும் செய்தி, பழைய விளையாட்டு என்பதால் சொல்லிவிடுகிறேன்: சாவுதான். சாவே உருவெடுத்து வந்து, பதினான்கு நிலைகளில் மாறி மாறிப் போரிடும். மருமகனிடம் அதற்குள் முடோவைவிட வலிய 'முடூன்' என்ற மந்திரம் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றதைப் பார்த்தேன்.

"டேய், அது சாவு மேலேயே சாவு மந்திரம்டா. செல்லாது. ஒரு முறை வீணாப் போயிடும்."

"தெரியும் மாமா. இருந்தாலும் ஒரே ஒரு தடவை."

விட்டான். செல்லவில்லை. அடுத்த அடி சாவினுடையது.